பித்தளையில் அம்பாள்: அலங்காரமா, ஆராதனையா?

சைவத் தமிழர் வீடுகளில் பித்தளையால் ஆன ஒரு தேவி வடிவமாவது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. சுவாமி அறையில் எரியும் காமாட்சி விளக்கின் பின்தகட்டிலே, இருபுறமும் யானைகள் நீர் சொரியத் தாமரையில் வீற்றிருக்கும் கஜலட்சுமியைக் காணலாம். வரவேற்பறையின் கண்ணாடி அலுமாரியிலே வீணை ஏந்திய சரஸ்வதி அமர்ந்திருப்பாள். சுவரில் தொங்கும் வட்டத் தட்டிலே மகிடனை மிதித்து நிற்கும் துர்க்கை புடைத்துத் தோன்றுவாள். திருமணம், வீடு குடிபுகுதல் போன்ற மங்கல நாட்களில் அன்பளிப்பாகக் கொடுக்கப்படும் பொருட்களிலும் இவ்வடிவங்களே முன்னிற்கின்றன.

இவை எல்லாவற்றையும் ஒரே விதமாக மதிக்க வேண்டுமா? பூசையில் உள்ளது மட்டுமே தெய்வம், மற்றவை வெறும் அலங்காரப் பொருட்கள் என்று பிரித்துவிடலாமா? அழுக்கேறினால் தேய்ப்பதும், உடைந்தால் நிறுத்து விற்பதும் மற்றப் பாத்திரங்களுக்குப் போலவே இவற்றுக்கும் தகுமா? கேட்பதற்கு இவை சிறிய கேள்விகளாகத் தோன்றலாம். ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் என்றோ ஒருநாள் இவற்றுக்கு விடை கூறியே ஆகவேண்டும். வாயால் கூறாவிட்டாலும், கையால் செய்யும் செயலே விடையாகிவிடும்.

ஒரு வீட்டில் மூன்று தேவியர்

கிராமத்து வீடு ஒன்றை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். அவ்வீட்டின் சுவாமி அறையில் அம்மம்மா காலத்துக் காமாட்சி விளக்கு ஒன்று இருக்கிறது. அதில் உள்ள கஜலட்சுமிக்கு இப்பொழுது கண்ணும் மூக்கும் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் மாலைதோறும் பழப்புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் மழுங்கிவிட்டது. ஆயினும் அந்த விளக்கில்தான் அவ்வீட்டார் தினமும் தீபம் ஏற்றுகின்றனர்.

வரவேற்பறை அலுமாரியில் சரஸ்வதி ஒன்று இருக்கிறது. யாரோ ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. விரல்களும் வீணையின் நரம்புகளும் தெளிவாகத் தெரியும் அழகிய வேலைப்பாடு. விருந்தினர் வரும் நாளில் அதன் தூசு துடைக்கப்படும். மற்ற நாட்களில் அதனை எவரும் நோக்குவதில்லை.

களஞ்சிய அறையின் மூலையில், சாக்கு ஒன்றினுள், தண்டு வளைந்து அடி உடைந்த குத்துவிளக்கு ஒன்று கிடக்கிறது. அதன் உச்சியிலும் ஒரு தேவி வடிவம் உண்டு. பழைய இரும்பு, பித்தளை வாங்குபவர் படலையில் வந்து குரல் கொடுக்கும் போதெல்லாம் அந்தச் சாக்கின் நினைவு வீட்டாருக்கு வருகிறது.

மூன்றும் பித்தளை. மூன்றிலும் உள்ளது தேவியின் வடிவம். ஒன்றுக்குப் பூவும் தீபமும், மற்றொன்றுக்குத் தூசு துடைக்கும் துணி, மூன்றாவதற்குத் தராசு. இந்த வேறுபாடு நியாயமானதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

உலோகம் எப்போது தெய்வமாகிறது?

செம்புடன் நாகம் சேர்ந்தால் பித்தளை. செம்புடன் வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். ஆலயங்களின் உற்சவ மூர்த்திகள் செம்பை முதன்மையாகக் கொண்ட பஞ்சலோகக் கலவையில், மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்துச் செய்யப்படுபவை. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுவாமிமலை இக்கலைக்குப் பெயர் பெற்றது. அதே வட்டாரத்து நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளுக்குப் புகழ் பெற்றது. கடைகளில் கிடைக்கும் அலங்காரப் பித்தளை வடிவங்களிற் பல, மணல் அச்சில் ஒரே மாதிரியாகப் பல வார்க்கப்படுபவை.

வார்ப்பு முறை எதுவாயினும், சிற்பியின் பட்டறையை விட்டு வெளிவரும்போது உருவம் உலோகமே. அது வழிபடு மூர்த்தியாவது பிரதிஷ்டையினால். சிவாசாரியார் மந்திரத்தாலும் கிரியையாலும் கும்பத்தில் ஆவாகனம் செய்த சக்தியைத் திருமேனிக்கு ஏற்றும்போதே அது வழிபாட்டுக்குரியதாகிறது என்பது ஆகம நெறி. இதனைக் கிராமத்து அடியார்கள் நன்கு அறிவர். கும்பாபிஷேகத்தின் பொருளே அதுதான்.

இந்த உண்மையை நவராத்திரி இன்னும் எளிதாக உணர்த்துகிறது. வீட்டுப் பாவனையில் உள்ள செம்பொன்றிலே நீர் நிறைத்து, மாவிலையும் தேங்காயும் வைத்துக் கும்பமாக்கி, அதிலே தேவியை எழுந்தருளச் செய்கின்றனர். அந்தச் செம்பில் முகம் இல்லை, கை இல்லை, வீணை இல்லை, சூலம் இல்லை. ஆயினும் ஒன்பது இரவுகள் அது பராசக்தி. விஜயதசமியின் பின் கும்பம் எடுக்கப்பட்டதும் அதே செம்பு மீண்டும் தண்ணீர்ச் செம்பாகிறது. அவ்வாறு ஆவதில் எவரும் குற்றம் காண்பதில்லை.

ஆகவே உருவம் இருப்பதால் மட்டும் தெய்வம் எழுந்தருளிவிடுவதில்லை. உருவம் இல்லாமையால் தெய்வம் எழுந்தருளாமல் இருப்பதும் இல்லை. இதைக் கொண்டு சிலர், “அலுமாரியில் உள்ள சரஸ்வதிக்குப் பிரதிஷ்டையும் இல்லை, ஆவாகனமும் இல்லை. ஆதலால் அது ஒரு பூச்சாடியைப் போன்றதே” என்று முடிவு செய்வர். தர்க்கம் சரியாகவே தோன்றுகிறது. ஆயினும் பூச்சாடி தவறி விழுந்தால் “ஐயோ, உடைந்துவிட்டதே” என்று மட்டும் சொல்லும் வாய், அந்தச் சரஸ்வதி தவறி விழுந்தால் “அம்மாளாச்சி, பொறுத்துக்கொள்” என்கிறது. கால் பட்டுவிட்டால் கை தானாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. தர்க்கம் அறியாத ஒன்றை அந்தக் கை அறிந்திருக்கிறது. அது என்ன?

வேடத்துக்குச் செய்யும் மரியாதை

இதற்கு விடை பெரியபுராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் இருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட அம்மன்னரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடம்பெங்கும் திருநீறு பூசிச் சடை முடித்து, ஏட்டுச் சுவடி போன்ற கட்டினுள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு அடியவர் வேடத்தில் அரண்மனைக்குள் நுழைந்தான். ஆகமம் சொல்வதாகக் கூறி, வணங்கிய நாயனாரைக் குத்தினான். பாய்ந்து வந்த காவலன் தத்தனை நாயனார் தடுத்தார். வேடம் தரித்து வந்தவனை ஊரார் எவரும் துன்புறுத்தாதபடி பாதுகாப்பாகக் கொண்டுபோய் விட்டுவருமாறு பணித்தார். அச்செய்தி வரும்வரை உயிரைத் தாங்கியிருந்தார்.

முத்தநாதனின் உள்ளே பக்தி இல்லை, வஞ்சகமே இருந்தது. நாயனார் வணங்கியது அவனுடைய உள்ளத்தை அன்று, அவன் தாங்கி வந்த திருவேடத்தை. உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்துப் பார்த்த பின்னரே வணங்குவது என்றால் வேடத்துக்கு மதிப்பே இல்லாமற் போய்விடும். அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு தொழவேண்டும் என்று சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் கூறுவதன் கருத்தும் இதுவே. பாலில் நெய் போல எங்கும் மறைந்து நிற்கும் இறைவன், தயிரில் வெண்ணெய் போல இவ்விடங்களில் வெளிப்பட்டு நிற்கின்றான் என்று சித்தாந்திகள் விளக்குவர்.

வஞ்சகன் ஒருவன் தாங்கிய வேடத்துக்கே அத்தனை மரியாதை என்றால், எந்த வஞ்சகமும் அறியாத பித்தளை தாங்கிய அம்பாள் வடிவத்துக்கு மரியாதை இல்லையா? அதற்குப் பிரதிஷ்டை நடக்கவில்லை என்பது உண்மை. ஆதலால் அதற்கு நித்திய பூசையும் நைவேத்தியமும் கடமையாகா. ஒருநாள் பூ வைக்கத் தவறிவிட்டதே என்று வீட்டுப் பெண்கள் அஞ்ச வேண்டியதும் இல்லை. ஆனால் மரியாதை வேறு, பூசை வேறு. பூசை ஆவாகனத்தினால் வரும் கடமை. மரியாதையோ வடிவத்தைக் கண்டவுடனேயே பிறக்கும் கடமை.

கொழும்பு நூதனசாலையில் இவ்வேறுபாட்டை நேரிற் காணலாம். 1907, 1908 ஆம் ஆண்டுகளில் பொலன்னறுவைச் சிவாலயப் பகுதிகளில் நடந்த அகழ்வுகளின்போது வெளிப்பட்ட நடராஜர், சிவகாமி அம்மை, நாயன்மார் முதலான வெண்கலத் திருமேனிகளிற் பல அங்கே வைக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பூசை இல்லை, தீபம் இல்லை, கண்ணாடிக் கூண்டும் விளக்கக் குறிப்புமே உண்டு. ஆயினும் அம்மையின் முன் வந்ததும் கைகூப்பி நிற்கும் அடியவரைக் கண்டு எவரும் வியப்பதில்லை. அந்தக் கூப்பிய கை நூதனசாலையைக் கோயிலாக்குவதில்லை. காண்பவரைப் பக்தராக்குகிறது.

அலங்காரம் என்னும் சொல்

அலங்காரப் பொருள் என்றாலே ஆழமற்றது என்னும் எண்ணம் இக்காலத்தில் வேரூன்றிவிட்டது. இலங்கைத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877 இல் கொழும்பில் பிறந்து, கீழைத்தேயக் கலைகளின் பொருளை உலகுக்கு எடுத்துரைத்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இவ்வெண்ணத்தை மறுத்தவர். கொழும்பு நூதனசாலையின் படிமங்கள் பற்றி 1914 இல் நூல் வெளியிட்டவரும் அவரே. 1939 இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர் அலங்காரம் என்னும் சொல்லின் வேரை ஆராய்ந்தார். ‘அலம்’ என்றால் போதுமானது, நிறைவானது. அலங்காரம் என்றால் ஒன்றை நிறைவுடையதாகச் செய்தல். அம்பாளுக்குச் செய்யும் சாத்துப்படி அவள் அழகுக்குக் குறைவு என்பதற்காகச் செய்யப்படுவதன்று. அந்த நாளுக்குரிய கோலத்தை நிறைவு செய்வதற்காகச் செய்யப்படுவது. இப்பொருளில் பார்த்தால் வீட்டில் வைக்கும் தேவி வடிவமும் வீட்டை நிறைவுடையதாகச் செய்யவேண்டும். வீட்டாரின் வசதியைக் காட்டுவதற்காக மட்டும் வைக்கப்படுமானால் அது அலங்காரம் அன்று, ஆடம்பரம்.

நாளாந்தப் பொருளில் தேவி வடிவம் பொறிப்பது புதிய வழக்கமும் அன்று. கஜலட்சுமியின் கோலம் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துச் சாஞ்சிச் சிற்பங்களிலேயே உண்டு. இலங்கையிலும் கந்தரோடை, மாந்தை, அனுராதபுரம் முதலிய பழைய இடங்களில் இலட்சுமி வடிவம் பொறித்த சிறு உலோகத் தகடுகள் கிடைத்துள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தான காலத்திலேயே இம்மண்ணின் மக்களின் கைகளில் அவ்வடிவம் தவழ்ந்திருக்கிறது. ஆகவே பொருளில் தேவி இருப்பது தவறன்று. எந்தப் பொருளில், எந்த இடத்தில் என்பதே கேள்வி.

விளக்கில் இலட்சுமி பொருந்துகிறாள். மணியில், தாம்பாளத்தில், கதவு நிலையின் மேல் பொருந்துகிறாள். ஆனால் சாம்பற் கிண்ணத்திலும், பாதணி வைக்கும் தட்டிலும், நிலத்தில் விரிக்கும் பொருளிலும், பியர்ப் போத்தல் திறக்கும் கருவியிலும் அவளைப் பொறித்து விற்பதை ஏற்க முடியுமா? இத்தகைய பொருள் அழகாக இருக்கிறதே என்று வாங்குபவர், பின்னர் அதற்கு மரியாதை செய்ய முடியாத நிலைக்குத் தம்மையே தள்ளிக்கொள்கிறார். கடதாசியில் அச்சிட்ட படம் சில காலத்தில் மக்கிவிடும். பித்தளை வாங்கியவரை விட நீண்டு வாழும். இன்று விளையாட்டாக வாங்கிய ஒன்று நாளை பேரப்பிள்ளையின் சங்கடமாகிறது. மரியாதை செய்ய இடமில்லாத வடிவத்தை வாங்காமல் விடுவதே முதல் மரியாதை.

வார்த்தவர் எச்சமயத்தவர் என்று கேட்போரும் உளர். பித்தளை நகரம் என்றே அழைக்கப்படும் வட இந்தியாவின் மொரதாபாத்தில் பித்தளை வேலை செய்வோரிற் பெரும்பாலோர் இஸ்லாமியர். இலட்சுமியும் சரஸ்வதியும் அவர்களின் கைகளாலும் வார்த்து மெருகிடப்படுகின்றனர். இதனால் வடிவத்தின் தூய்மை எள்ளளவும் குறைவதில்லை. தம் சமயத்தில் உருவ வழிபாடு இல்லாத ஒருவர், மற்றவர் வணங்கும் முகத்தை உலையின் வெப்பத்தில் நின்று பிழையின்றிச் செய்து கொடுக்கிறார் என்றால், அதனை வாங்கியவர் அதை அலட்சியமாக வைத்திருப்பது அவ்வுழைப்புக்கும் செய்யும் அவமதிப்பாகும்.

மினுக்குவது யாருக்காக?

இனி, பராமரிப்பைப் பற்றிய கேள்வி. பித்தளையை எவ்வளவு மினுக்கினாலும் அது மீண்டும் மங்கும். காற்றும் ஈரமும் கைவியர்வையும் பட்டுச் செம்பு கறுத்துக் களிம்பு ஏறும். சைவசித்தாந்த ஆசிரியர்கள் இதையே பெரிய உண்மைக்கு உவமையாக்கினர். செம்போடு களிம்பு கூடப்பிறந்தது போல உயிரோடு ஆணவமலம் கூடப்பிறந்தது. புளியிட்டு விளக்கினால் மேலே படிந்த களிம்பு போகும், பின்னர் மீண்டும் வரும். இரசகுளிகை பட்டாலன்றி அது அடியோடு நீங்காது. அதுபோல் மனிதர் செய்யும் முயற்சி மேற்பரப்பைத் தூய்மை செய்யும், திருவருள் பட்டாலன்றி மலம் நீங்காது.

அப்படியானால் மினுக்குவது வீண்வேலையா? இல்லை. புளியால் களிம்பு நிரந்தரமாகப் போகாது என்பதற்காக எவரும் விளக்கை அழுக்கோடு விட்டுவிடுவதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதே தொண்டின் இயல்பு. திருவலகிடுதல், திருமெழுக்கிடுதல், மலர் கொய்தல், திருவிளக்கேற்றல் எல்லாம் இவ்வகையினவே. இன்று கூட்டிய வீதியில் நாளை சருகு விழும். அப்பர் சுவாமிகள் உழவாரம் கொண்டு செதுக்கிய புல் மீண்டும் முளைத்தது. அவர் மீண்டும் செதுக்கினார். சரியை என்னும் நெறி இதுதான்.

தொண்டையும் ஆடம்பரத்தையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. விருந்தினர் வராத வாரத்திலும் அந்தத் தேவி துடைக்கப்படுகிறாளா என்று பார்த்தால் போதும். திருவிளக்குத் தொண்டு செய்த நாயன்மார் மூவரின் வரலாறுகளை அடியார்கள் அறிவர். எண்ணெய் கிடையாதபோது திருவாரூரில் நீரால் விளக்கெரித்தவர் நமிநந்தியடிகள். திருவொற்றியூரில் தம் குருதியையே எண்ணெயாக வார்க்க முற்பட்டவர் கலியநாயனார். தில்லையில் தம் தலைமுடியையே திரியாக எரித்தவர் கணம்புல்லர். இவர்களின் விளக்கு என்ன உலோகத்தால் ஆனது, எவ்வளவு பளபளத்தது என்று யாரும் கேட்பதில்லை. அது எரிந்ததா என்பதே கேள்வி. பளபளக்கும் பித்தளைகளை அலுமாரி நிறைய வைத்துச் சுவாமி அறையில் விளக்கேற்ற நேரமில்லாத வீட்டைவிட, முகம் மழுங்கிய ஒரு விளக்கில் தினமும் திரியிடும் வீடு மேலானது.

அன்போடு அறிவும் வேண்டும்

ஆயினும் அந்த மழுங்கிய முகம் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. அம்மம்மாவின் கைகள் அன்பினால்தான் தேய்த்தன. ஆனால் சாம்பலும் செங்கல் தூளும் தும்பும் உலோகத்தை அராவுபவை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கழன்று போகிறது. முதலில் மறைவது அதிகம் புடைத்து நிற்கும் மூக்கும் கண்ணும். அறிவில்லாத அன்பு தான் நேசிக்கும் முகத்தையே அழித்துவிடும். பிள்ளை வளர்ப்பிலும் இது பொருந்தும். ஆதலால் முறையறிந்து பேணுதல் அவசியம்.

தேவி வடிவங்களை வாரந்தோறும் புளியிட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால், பழைய வேட்டித் துண்டு மிக நல்லது, தூசு துடைத்தால் போதும். இடுக்குகளுக்கு மென்மயிர்த் தூரிகை உதவும். விளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகமுன், திரி அணைந்து சூடு ஆறிவரும் வேளையிலேயே துணியால் ஒற்றி எடுத்தால் பின்னர் உரசித் தேய்க்கும் தேவை வராது. இறுகிவிட்டால் இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரம் கரைத்து ஊறவைத்துக் கழுவலாம்.

பழப்புளியும் தேசிக்காயும் களிம்பைக் கரைப்பது அவற்றிலுள்ள அமிலத்தினால். விழாக்களுக்கு முன் அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் பூசியபடி நெடுநேரம் விடக்கூடாது. அமிலம் பித்தளையில் உள்ள நாகத்தை அரித்துவிட, செம்பின் சிவப்பு ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தெரியும். அத்திட்டு மினுக்கினால் போகாது. புளியிட்ட பின் பலமுறை நல்ல நீரில் அலசி, இடுக்குகளிலும் ஈரமில்லாமல் துடைத்து, சிறிது நேரம் காற்றாட வைக்க வேண்டும். மீந்த புளிதான் இரண்டு நாட்களில் பித்தளை மீண்டும் கறுப்பதற்குக் காரணம்.

கடையில் விற்கும் மெருகுப் பசைகளில் நுண்ணிய அராவும் தூள் உண்டு. சிலவற்றில் அமோனியா உண்டு. அது காலப்போக்கில் பித்தளையில் வெடிப்பை உண்டாக்க வல்லது. இடுக்குகளில் தங்கி வெள்ளையாக உறையும் பசை தேவியின் முகத்துக்கு அழகும் அன்று. இரும்புக் கம்பித் தும்பை எக்காலத்திலும் தொடலாகாது. புதிய அலங்கார வடிவங்கள் பலவற்றுக்கு மங்காதிருக்கத் தெளிந்த வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். அவற்றுக்குப் புளியும் வேண்டாம், பசையும் வேண்டாம். பூச்சு கீறுண்டால் அக்கீறலின் வழியே கறை பரவும்.

குங்குமமும் சந்தனமும் சாத்துவது சிறப்பே. ஆனால் நேற்றையதன் மேல் இன்றையதை அப்பிக்கொண்டே போனால் அடியில் ஈரம் தங்கிக் களிம்பு பிடிக்கும். பால் முதலியவற்றால் அபிஷேகம் செய்தால் உடனே நீரால் கழுவித் துடைக்க வேண்டும். வாடிய பூவையும் அன்றே எடுத்துவிட வேண்டும். நிர்மாலியம் களைதல் என்று ஆலயத்தில் தினமும் செய்யப்படுவதும் இதுவே. கரையோரக் கிராமங்களில் உப்புக் காற்றினால் பித்தளை விரைவில் கெடும். அங்கே மூடிய அலுமாரி நல்லது. துடைத்தும் திரும்பத் திரும்ப வெளிறிய பச்சைத் தூள் உதிருமாயின் அது சாதாரணக் களிம்பன்று. அனுபவமுள்ள ஒருவரிடம் காட்ட வேண்டும்.

ஆலய விளக்குகளின் விடயத்தில் இன்னும் கவனம் தேவை. பழைய குத்துவிளக்குகளின் அடியில் உபயகாரரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். வருடந்தோறும் திருவிழாவுக்கு முன் உரமாகத் தேய்ப்பதால் அவ்வெழுத்துகள் அழிந்து வருகின்றன. ஊரின் வரலாறு ஏட்டில் எழுதப்படாத இடங்களில் அந்த எழுத்துகளே வரலாறு. எழுத்துள்ள பகுதியைத் தேய்க்காமல் துடைப்பதும், அவற்றைப் படம் எடுத்து ஆலயப் பதிவேட்டில் எழுதி வைப்பதும் இளைஞர்கள் இலகுவாகச் செய்யக்கூடிய திருப்பணியாகும்.

உடைந்த தேவியும் தராசும்

கடைசிக் கேள்வியே மிகக் கடினமானது. களஞ்சிய மூலையில் கிடக்கும் உடைந்த விளக்கை என்ன செய்வது?

இந்நாட்டில் இக்கேள்விக்கு வேறோர் ஆழமும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கையில் எடுக்கக்கூடியதையே எடுத்தனர். கனமான குத்துவிளக்குகள் வீடுகளில் தங்கிவிட்டன. திரும்பி வந்தவர்களிற் சிலருக்கு விளக்கின் அடி மட்டும் கிடைத்தது. சிலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. பல வீடுகள் பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் பூட்டிக் கிடக்கின்றன. காணி விற்கும்போது வீட்டுச் சாமான்களோடு தேவியும் தராசுக்குப் போகிறாள். விற்பவர் கெட்டவர் அல்லர். என்ன செய்வதென்று தெரியாதவர்.

முன்னோர் என்ன செய்தனர் என்பதற்குத் திருகோணமலை சான்று தருகிறது. 1622 இல் போர்த்துக்கேயர் திருக்கோணேஸ்வரத்தை இடித்தனர். 1950 இல் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், பார்வதி உள்ளிட்ட உலோகத் திருமேனிகள் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. அன்று உருக்கி ஆயுதமாக்கவோ விற்கவோ எளிதாக இருந்த உலோகம் அது. அதை மண்ணுள் மறைத்தவர்கள் தம் பெயரை விட்டுச் செல்லவில்லை. அம்மையை விட்டுச் சென்றனர். அத்திருமேனிகள் மீண்டும் ஆலயத்தில் எழுந்தருளி வழிபடப்படுகின்றன.

உருக்குவதே பாவம் என்பதும் சரியன்று. பழுதடைந்த திருமேனிகளைப் பற்றி ஆகம, சிற்ப நூல் மரபு தெளிவாகவே வழி கூறுகிறது. சிறு பழுதைத் திருத்தலாம். திருத்த முடியாதபோது, திருமேனியில் உள்ள சக்தியைக் கலாகர்ஷணத்தால் கும்பத்துக்கு மாற்றியபின், கல்லாயின் ஆழ்நீரில் இடுவர், மரமாயின் தீயில் இடுவர், உலோகமாயின் உருக்கி மீண்டும் திருமேனி வார்ப்பதற்குப் பயன்படுத்துவர். உலோகம் வீணாவதில்லை. ஒரு வடிவம் நீங்கி இன்னொரு வடிவம் எடுக்கிறது. உயிர் பல பிறவி எடுப்பதை நம்பும் சமயத்தவருக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. பிழை உருக்குவதில் இல்லை. எங்கே போகும், என்னவாகும் என்று ஒரு கணமும் எண்ணாமல் எறிவதில் இருக்கிறது.

பிரதிஷ்டை செய்யப்படாத வீட்டு வடிவங்களுக்குக் கலாகர்ஷணம் தேவையில்லை. ஆனால் அதே மனநிலை தேவை. வளைந்த தண்டை நிமிர்த்தவும் உடைந்த இடத்தைப் பற்றவைக்கவும் தெரிந்த தொழிலாளர் இன்னும் உள்ளனர். திருத்த இயலாதாயின் குருக்களிடம் கேட்டு ஆலயத்துக்குக் கொடுக்கலாம். பலரிடம் சேரும் உடைந்த பித்தளையை ஒன்றுசேர்த்து உருக்கி, ஆலயத்துக்கு ஒரு தூண்டாமணி விளக்கோ மணியோ வார்ப்பிக்கலாம். பல வீட்டு அம்மம்மாக்கள் ஏற்றிய விளக்குகள் ஒரே விளக்காக அம்பாள் முன் எரிவதை விட நல்ல முடிவு அவற்றுக்கு வேறு இல்லை. ஆனால் மிகப் பழையதாகவோ எழுத்துள்ளதாகவோ தோன்றும் எதனையும் அறிந்தவருக்குக் காட்டாமல் உருக்கக் கொடுக்கலாகாது. உருகிய எழுத்து திரும்பி வராது.

நிறைவாக

மேலே எண்ணிப் பார்த்த வீட்டின் மூன்று தேவியருக்கும் இனி விடை கூறலாம். முகம் மழுங்கிய கஜலட்சுமியை மாற்ற வேண்டியதில்லை. அம்முகத்தில் தேய்ந்திருப்பது ஒரு தாயின் ஆயுள். இனிமேல் சாம்பலை விட்டு மென்துணியால் துடைத்தால் மிஞ்சியிருக்கும் யானைகளாவது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். அலுமாரிச் சரஸ்வதிக்கு நித்திய பூசை வேண்டாம். தூய்மையான, உயர்ந்த இடம் ஒன்று போதும். சரஸ்வதி பூசை நாட்களில் அவளைக் கும்பத்தின் அருகே வைத்துப் பிள்ளைகளின் புத்தகங்களை முன்னே அடுக்கினால், அலங்காரம் ஆராதனையோடு சேர்ந்துவிடும். சாக்கில் உள்ள தேவியைச் சாக்கிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். திருத்துவதா, ஆலயத்துக்குக் கொடுப்பதா என்பதை அதன்பின் தீர்மானிக்கலாம்.

பித்தளையைத் தெய்வமாக்குவது கிரியை. பித்தளையில் தெய்வத்தின் சாயலைக் கண்டு பணிவது மனிதரின் பண்பு. முன்னையது சிவாசாரியாரின் கையில் உள்ளது. பின்னையது வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கையிலும், அவர் பிடித்திருக்கும் துணியிலும் உள்ளது. வடிவத்தைப் பேணும் கைகள் அந்த வடிவம் குறிக்கும் அருளையும் பெறுவனவாக. அன்னை பராசக்தி எல்லா இல்லங்களிலும் விளக்கொளியாய் நின்று காப்பாளாக.